அந்தப் பாராட்டு நமக்கு வேண்டாம்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் ஊர்தோறும் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கும், வார இறுதிகளில் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நம் விழா மேடைகளுக்கு மேயரோ, கவுன்டி அதிகாரியோ, மாநிலச் சட்டமன்ற உறுப்பினரோ சிறப்பு விருந்தினராக வந்தால் பெரும்பாலும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். உங்கள் சமூகம் கடுமையாக உழைக்கிறது, பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைக்கிறது, குடும்பத்தைக் கட்டிக் காக்கிறது, சட்டத்தை மதிக்கிறது, அரசாங்கத்திடம் கையேந்துவதில்லை. நாமும் கைதட்டுகிறோம். விழா மலரில் அதையே வாழ்த்துரையாக அச்சிடுகிறோம். அப்புறம் வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் அதையே அறிவுரையாகச் சொல்கிறோம்.

இந்தப் பாராட்டை ஏற்றுக்கொள்வதை நம் சங்கங்கள் நிறுத்த வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நம் உழைப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. விசா முத்திரை கிடைக்காது என்ற பயத்தில் அப்பா அம்மாவின் கடைசிக் காரியத்துக்குக்கூட ஊருக்குப் போகாமல் இருந்தவர்கள் நம்மில் உண்டு. அந்தக் கஷ்டத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் இந்தப் பாராட்டு நம் கஷ்டத்தைப் பார்த்து யாரும் சொன்னதல்ல. நம்மில் பெரும்பாலோர் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே, வேறொரு மக்களின் வாயை அடைப்பதற்காகச் செய்து வைத்தது.

1966 ஜனவரியில் வில்லியம் பீட்டர்சன் என்ற சமூகவியலாளர் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் ஜப்பானிய அமெரிக்கர்களின் வெற்றிக் கதையை எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் யு.எஸ். நியூஸ் இதழ் சீன அமெரிக்கர்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. கறுப்பின மக்களைக் கைதூக்கிவிடப் பல நூறு பில்லியன் டாலர் செலவு செய்ய வேண்டும் என்று பேச்சு நடக்கும் நேரத்தில், 3 லட்சம் சீன அமெரிக்கர்கள் யார் உதவியும் இல்லாமல் தாமாகவே முன்னேறுகிறார்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். ஆண்டைக் கவனியுங்கள். 1964இல் குடிமை உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். சட்டம் மட்டும் போதாது, வேலையும் வீடும் பள்ளியும் வேண்டும் என்று கறுப்பின மக்கள் அடுத்த கோரிக்கையை எடுத்த ஆண்டு 1966. மார்ட்டின் லூதர் கிங் வீட்டு வசதிக்காகப் போராடச் சிகாகோவில் குடியேறிய ஆண்டும் அதுதான். அந்தக் கோரிக்கைக்குப் பதிலாகத்தான் இந்தப் பாராட்டு வந்தது. பார், அவர்கள் எதையும் கேட்கவில்லையே, நீ மட்டும் ஏன் கேட்கிறாய் என்பது அதன் பொருள்.

அதைவிடக் கொடுமை, யாரைப் பாராட்டினார்கள் என்பது. அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னால் அதே ஜப்பானிய அமெரிக்கர்கள் ஏறத்தாழ 1,20,000 பேரை, மூன்றில் இரண்டு பங்கு பேர் குடிமக்களாக இருந்தும், முகாம்களில் அடைத்தது இந்த நாடு. சீனர்கள் வரக்கூடாது என்று 1882இல் போட்ட சட்டம் 1943 வரை நீடித்தது. அந்தக் காயங்களுக்கு ஒரு வார்த்தை மன்னிப்பு வருவதற்கு முன்பே "நல்ல சிறுபான்மை" என்ற பட்டம் வந்துவிட்டது. முகாம்களுக்கான மன்னிப்பும் இழப்பீடும் 1988இல்தான் சட்டமாயின.

யார் உதவியும் இல்லாமல் என்பதை நம் விஷயத்தில் பார்ப்போம். இங்கே வாழும் வயதுவந்த இந்திய அமெரிக்கர்களில் நால்வரில் மூவர் பட்டதாரிகள். இந்தியாவில் அப்படியா இருக்கிறது? 1965 குடிவரவுச் சட்டமும், 1990க்குப் பிறகு வந்த ஹெச்-1பி வேலை விசாவும் படித்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தன. பொறுக்கி எடுத்த கூட்டத்தின் சராசரி வருமானத்தைக் காட்டி, அது நம் பண்பாட்டின் பெருமை என்று பேசுவது சரியான கணக்கு இல்லை. ஆசியர் என்ற அதே பெயருக்குள் பர்மாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் இருக்கிறார்கள். 2019இல் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் ஏறத்தாழ 1,19,000 டாலர் என்றால், பர்மியக் குடும்பங்களுடையது சுமார் 44,000. அவர்கள் உழைக்காதவர்களா? நம் தமிழர்களிலேயே ஈழத்திலிருந்து எதுவும் இல்லாமல் ஓடிவந்து லாரி ஓட்டியும் கடைகளில் நின்றும் குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படங்கள் சங்க மலர்களின் சாதனையாளர் பக்கத்தில் வருவது அரிது.

நம்மைப் பொறுக்கி எடுக்கும் அளவுக்கு நாம் படித்தது எப்படி? நம்மில் கணிசமானோர் அரசுப் பள்ளியிலும், அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியிலும் மிகக் குறைந்த கட்டணத்தில் படித்தவர்கள். அந்தச் செலவைக் கட்டியவர்கள் கல்லூரி வாசலை மிதிக்காத தமிழ்நாட்டு மக்கள். நம்மில் பலர் வீடுகளில் முதல் பட்டதாரியை உருவாக்கியது இடஒதுக்கீடு. 1921இல் நீதிக்கட்சி அரசு போட்ட வகுப்புவாரி ஆணையில் தொடங்கி, 1951இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது தெருவில் இறங்கி அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கே காரணமாக இருந்து, பின்னால் 69 விழுக்காடு வரை கொண்டுவந்த ஊரிலிருந்து வந்திருக்கிறோம். ஒரு சமூகத்தை நூற்றாண்டுக் கணக்கில் படிக்க விடாமல் வைத்திருந்தால், பிறகு தகுதி என்று பேசுவதற்கு முன்னால் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடம் இல்லை.

ஆனால் 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு வழக்கில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு முடிவு கட்டியபோது, நம் வாட்ஸாப் குழுக்களில் வெடி வெடிக்காத குறைதான். இனி நம் பிள்ளைகளுக்கு நியாயம் கிடைக்கும் என்றார்கள். அந்த வழக்கின் பின்னால் இருந்தவர் எட்வர்டு பிளம். இதற்கு முன் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு வெள்ளையின மாணவியை முன்னிறுத்தி வழக்குக்குத் துணை நின்றவரும் அவரே. 2016இல் அது தோற்றது. அந்தச் சமயத்திலேயே, 2014இல், ஹார்வர்டு வழக்கைப் போட்டுவிட்டார். அதில் முன்னிறுத்தியது ஆசிய மாணவர்களை. 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை 2013இல் முறித்த ஷெல்பி கவுன்டி வழக்கின் பின்னாலும் இருந்தவர் அதே மனிதர். கறுப்பின மக்கள் ரத்தம் சிந்தி வாங்கிய ஓட்டுரிமைப் பாதுகாப்பை உடைத்தவர் நம் பிள்ளைகளின் மேல் திடீரென்று பாசம் கொண்டார் என்று நாம் நம்பினோமா? முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கும் பெரிய நன்கொடையாளர்களின் பிள்ளைகளுக்கும் கிடைத்துவந்த சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. நம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வேறு யாருடைய பிள்ளையின் இடமோ பறிக்கப்பட்டது. 69 விழுக்காட்டுக்காக ஊரில் கொடி பிடித்தவர்களின் பிள்ளைகள் நாம், இதைப் பார்த்துச் சும்மா இருந்திருக்கக் கூடாது.

நாம் இந்த நாட்டில் கால் ஊன்றி நிற்கும் உரிமைகள் எங்கிருந்து வந்தன என்பதை நம் தமிழ்ப் பள்ளிகளில் ஒரு பாடமாகவாவது வைக்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. அந்தப் பாடத்தில் என்னவெல்லாம் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

1923இல் பகத் சிங் திண்ட் வழக்கு. பஞ்சாபிலிருந்து வந்து, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய சீக்கியர் அவர். அன்றைய குடியுரிமைச் சட்டத்தில் இரண்டு கதவுகள்தான் இருந்தன. 1790 சட்டப்படி சுதந்திரமான வெள்ளையர்களுக்கு ஒன்று. அடிமை முறை ஒழிந்த பிறகு 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குத் திறந்த இன்னொன்று. திண்டும் அவரது வழக்கறிஞர்களும் தட்டியது முதல் கதவை. அவர் உயர் சாதி, ஆரியர், ஆகவே வெள்ளையர் என்பது வாதம். ஒரு வெள்ளை அமெரிக்கர் கறுப்பரை மண உறவுக்கு எப்படித் தள்ளி வைப்பாரோ அப்படித்தான் உயர் சாதி இந்துவும் இந்தியப் பழங்குடியைத் தள்ளி வைக்கிறார் என்றுகூட நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கேவலமான அந்த வாதமும் பலிக்கவில்லை. நீதிபதிகள் ஒருமனதாக, சாதாரண மனிதர் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற கலிபோர்னியச் சட்டத்தால் சொத்தும் போயிற்று. சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் 1928இல் தற்கொலை செய்துகொண்டார். சாதியைக் காட்டி மேலே ஏறிக்கொள்ளப் பார்த்ததற்கு நமக்கு முந்திய தலைமுறை கொடுத்த விலை அது.

அடுத்து 14ஆவது திருத்தம். கறுப்பின மக்கள் ஒருபோதும் குடிமக்கள் ஆக முடியாது என்று 1857இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை மாற்ற, உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868இல் கொண்டுவரப்பட்டது. இந்த மண்ணில் பிறந்தவர் இந்த நாட்டுக் குடிமகன் என்பது அடிமைகளாக இருந்தவர்களுக்காக எழுதப்பட்ட வாக்கியம். சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த சீனர் ஒருவரின் வழக்கில் 1898இல் அது எல்லாருக்கும் பொருந்தும் என்றானது. ஹெச்-1பி விசாவில் இருந்தபோது பிறந்த நம் பிள்ளைகளின் நீலப் பாஸ்போர்ட் அந்த வாக்கியத்தால் வந்தது. 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ இல்லையென்றால் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்றது. அமலுக்கு வருவதாக இருந்த நாளில் வரவிடாமல் நீதிமன்றங்கள் தடுத்தபோது அவை கையில் எடுத்தது அந்த 1868ஆம் ஆண்டு வாக்கியத்தைத்தான். அன்று கர்ப்பிணிகளாக இருந்த நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் தூக்கமில்லாமல் இருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

1965 குடிவரவுச் சட்டத்தைக் கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. அதற்கு முன் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற கணக்கு, அதுவும் 1946இல் பெரிய மனது வைத்துக் கொடுத்தது. 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா பாலத்தில், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்கள்மேல் தடியடி. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். அக்டோபர் 3 அன்று லிண்டன் ஜான்சன் சுதந்திர தேவி சிலையின் கீழே உட்கார்ந்து நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நிறத்தைப் பார்த்து மனிதரைத் தரம் பிரிப்பது தவறு என்று இந்த நாட்டின் மனசாட்சியை உலுக்கியவர்கள் நமக்கும் சேர்த்து உலுக்கினார்கள். வீடு வாங்குவதும் அப்படித்தான். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்த புறநகர்கள் இவை. கிங் சுட்டுக் கொல்லப்பட்டது 1968 ஏப்ரல் 4. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, வீட்டு வசதிச் சட்டம் கையெழுத்தானது. இன்று நாம் அதே புறநகர்களில் வீடு வாங்கிவிட்டு, புதிதாக வரும் தமிழ்க் குடும்பத்திடம் "அந்தப் பக்கம் வேண்டாம், ஆட்கள் சரியில்லை" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். ஸ்கூல் ரேட்டிங் என்று சொல்லும்போதும் பல சமயம் அதைத்தான் சொல்கிறோம். பிள்ளைகள் பின் இருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பாராட்டு நம்மைக் காப்பாற்றுமா என்று கேட்பவர்களுக்கு, 2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலம் மேடிசன் நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். குஜராத்திலிருந்து பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த 57 வயதுப் பெரியவர். மகன் அமெரிக்காவில் பொறியாளர், புறநகரில் வீடு. நம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். காலையில் தெருவில் நடக்கப் போனார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் சுற்றித் திரிகிறான் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் காவல்துறைக்குப் போன் செய்தார். ஆங்கிலம் தெரியாது, இந்தியன் என்று அவர் சொல்லிப் பார்த்தார். கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டு, காலை வாரி, முகம் தரையில் மோதும்படி வீழ்த்தினார் காவலர். கழுத்தெலும்பில் அடிபட்டு அவர் உடல் பாதி செயலிழந்தது. மாநில ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். இரண்டு முறை ஜூரி முடிவுக்கு வர முடியாமல் போய், 2016 ஜனவரியில் நீதிபதி அந்தக் காவலரை விடுவித்தார்.

அப்போது நம்மவர்களிடையே ஓடிய பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாவம், அவரைக் கறுப்பர் என்று தப்பாக நினைத்துவிட்டார்கள் என்றார்கள். இரக்கத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பேச்சை ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் உண்மையிலேயே கறுப்பராக இருந்திருந்தால் அந்த அடி சரியா? தெருவில் நடந்த ஒரு தாத்தாவுக்கு அப்படி நடக்கலாமா என்பதுதானே கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அந்த ஊரின் கறுப்பினத் தாத்தாக்களுக்காக நாம் அதற்கு முன் எப்போதாவது வாய் திறந்திருந்தால் இந்தத் தாத்தாவுக்காகப் பேசும்போது நம் குரலுக்கு ஒரு வலு இருந்திருக்கும்.

2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலம் ஓலேத்தாவில் ஒரு மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு இந்தியப் பொறியாளர்களிடம் என்ன விசா என்று கேட்டுவிட்டு, என் நாட்டை விட்டு வெளியே போ என்று கத்திச் சுட்டவன் அவர்களின் சம்பளச் சீட்டைக் கேட்கவில்லை. ஒருவர் இறந்தார். 2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணன் வெள்ளை மாளிகையின் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக அறிவிக்கப்பட்டதும், அவரை அறிவித்த டிரம்பின் ஆதரவாளர்களிடமிருந்தே இந்தியர்களுக்கு எதிராக வந்த வசையை நாம் எல்லாரும் படித்தோம். 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்களை, பலருக்குக் கையிலும் காலிலும் விலங்கு போட்டு, ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கினார்கள். அவர்கள் சட்டவிரோதமாக வந்தவர்கள், நாம் முறைப்படி வந்தவர்கள் என்று நம்மில் பலர் அமைதியாக இருந்தோம். ஏழு மாதம் கழித்து, செப்டம்பர் 19 அன்று, முறைப்படி வருபவர்களின் ஹெச்-1பி விசாவுக்கே 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. ஊருக்குப் போயிருந்தவர்கள் பாதி விடுமுறையில் விமானம் ஏறி ஓடிவந்தார்கள். அன்று நமக்காகக் குரல் கொடுக்க யாரும் இல்லையே என்று வருந்தினோம். விலங்கோடு அனுப்பப்பட்ட அவர்களுக்காக நம் சங்கம் ஏதாவது அறிக்கை விட்டதா?

வேறு மாதிரி வாழ்ந்து காட்டியவர்களும் நம்மிடம் உண்டு. கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்தார்கள், நாமும் தமிழ்ப் பெண் என்று கொண்டாடினோம். அவருடைய அம்மா சியாமளா கோபாலன் 1958இல், 19 வயதில், தனியாக பெர்க்லிக்குப் படிக்க வந்தவர். அங்கே அவர் தேடிப் போய்ச் சேர்ந்த இடம் கறுப்பின மாணவர்கள் கூடிப் படித்துப் பேசிய ஒரு வட்டம். குடிமை உரிமை ஊர்வலங்களில் நடந்தார். கணவரையும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் சந்தித்தார். தன் மகள்களை இந்த நாடு கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று தெரிந்து, அதில் அவர்கள் பெருமை கொள்ளும்படி வளர்த்தார். அவர் ஆய்வகத்தில் இருந்தபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அக்கம்பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்திய ரெஜினா ஷெல்டன் என்ற கறுப்பினப் பெண்மணி. 2021 ஜனவரியில் கமலா பதவி ஏற்றபோது கை வைத்த பைபிள்களில் ஒன்று அந்த அம்மாளுடையது. நாம் கமலாவின் இட்லி சாம்பாரைப் பற்றி நிறைய எழுதினோம். சியாமளாவுக்குத் தோள் கொடுத்த அந்தத் தெருவைப் பற்றி எழுதவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனை எடுத்துக்கொள்ளுங்கள். 1860இல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் அங்கே எப்போதும் கைகோத்தே இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1949 ஜனவரிக் கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். கடை வைத்திருந்தவனுக்கும் கடையில் கடன் சொன்னவனுக்கும் இடையே வெள்ளை அரசு மூட்டி விட்ட பகை அது என்றாலும், பகை உண்மையானது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1947 மார்ச்சில், அங்குள்ள இந்தியர் காங்கிரஸ் தலைவர்களான டர்பன் மருத்துவர் மாண்டி நாயக்கரும் யூசுப் தாதூவும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் மருத்துவர் சுமாவோடு கூட்டு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். கலவரம் நடந்த பிறகும் அதை விட்டுவிடவில்லை. 1984இல் நிறவெறி அரசு இந்தியர்களுக்குத் தனி நாடாளுமன்ற அவை தருகிறோம் என்று ஆசை காட்டியது. ஆப்பிரிக்கர்களுக்கு ஓட்டுக்கூடக் கிடையாது, உங்களுக்கு மட்டும் நாற்காலி. பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போடப் போனார். மற்றவர்கள் வீட்டில் இருந்துவிட்டார்கள். நம்மைப் போலவே கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கோயில் கட்டி வாழ்ந்த சாதாரண மக்கள் அவர்கள். தனி நாற்காலி வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடிந்திருக்கிறது.

கறுப்பின மக்களும் நம்மைக் கேலி செய்கிறார்களே, நம் கடைகளில் திருட்டு நடக்கிறதே என்று கேட்பவர்களின் வலியை நான் தட்டிக்கழிக்கவில்லை. பெட்ரோல் நிலையத்தில் இரவு முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவரின் பயம் பொய்யில்லை. அந்தப் பயம் இருந்தும் வேறு மாதிரி நடந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு நடந்த கலவரத்தில் காந்தி மகால் என்ற உணவகம் எரிந்தது. அதை நடத்திய வங்கதேசத்துக்காரர், என் கட்டடம் எரியட்டும், நியாயம் கிடைக்க வேண்டும் என்றார். எல்லாரும் அவரைப் போல இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது பெரிய மனசு. இரண்டு வலிகளையும் ஒரே சமயத்தில் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்பதை அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

இதில் சாதியைப் பேசாமல் போனால் இந்த மடல் பொய்யாகிவிடும். 1959இல் கிங் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றுக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். முதலில் மனம் புண்பட்டதாகவும், பிறகு யோசித்துப் பார்த்து, ஆம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று ஒப்புக்கொண்டதாகவும் கிங் 1965இல் அட்லாண்டா தேவாலயத்தில் சொன்னார். அவர் அந்தத் தூரம் நம்மை நோக்கி நடந்து வந்தார். நாம் இங்கே மேட்ரிமோனியில் சாதி பார்க்கிறோம், விருந்துக்குப் போன இடத்தில் ஊரையும் தெருவையும் கேட்டுச் சாதியைத் தோண்டுகிறோம். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது அதை இந்து வெறுப்பு என்று எதிர்த்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். சங்க விதிகளில் சாதிப் பாகுபாடு கூடாது என்று ஒரு வரி சேர்க்கப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும். அதைக்கூடச் செய்யாமல் நிறவெறியைப் பற்றி நாம் யாரிடமும் பேச முடியாது.

சங்கம் பண்பாட்டு அமைப்பு, அரசியல் வேண்டாம் என்று சொல்வீர்கள், எனக்குத் தெரியும். வரிவிலக்கு தரும் 501(சி)(3) அந்தஸ்து போய்விடும் என்றும் சிலர் பயப்படுகிறார்கள். அந்தச் சட்டம் தடுப்பது தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ இறங்குவதை. வரலாற்றைச் சொல்லித் தருவதை அது தடுக்கவில்லை. மேயரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவது அரசியல் இல்லை என்றால், பக்கத்து கறுப்பினத் தேவாலயத்தின் போதகரைப் பந்தியில் உட்கார வைப்பதும் அரசியல் இல்லை.

அதற்கு நாளும் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. கிங் பிறந்த நாள் விடுமுறை ஜனவரி மூன்றாம் திங்கள். மூன்று நாள் விடுமுறை என்பதால் பல சங்கங்கள் அந்த வாரத்தில்தான் பொங்கல் விழாவை வைக்கின்றன. மண்டபம் ஏற்கெனவே பிடித்தாயிற்று, சமையலும் நடக்கிறது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் அந்த ஊர்க் கிளைக்கும் அருகிலுள்ள கறுப்பினத் தேவாலயத்துக்கும் முறையாக அழைப்பு அனுப்புங்கள். நன்றியுரைக்கு முன்னால் ஐந்து நிமிடம் சும்மா பேசச் சொல்லி அனுப்பிவிடாமல், அந்த ஊரில் 1960களில் என்ன நடந்தது, எந்தப் பள்ளி யாருக்கு மூடியிருந்தது என்று நேரில் பார்த்த பெரியவர்களைப் பேசச் சொல்லி நம் பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார வையுங்கள். திங்களன்று அவர்கள் நடத்தும் ஊர்வலத்துக்கு நம் பறை இசைக் குழுவை அனுப்பலாம். நம் பிள்ளைகள் அருமையாக அடிக்கிறார்கள்.

கல்வி உதவித்தொகை நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்திருப்பவர்கள், அதில் ஒன்றையாவது அதே கவுன்டியில் உள்ள பணமில்லாத அரசுப் பள்ளியின் மாணவருக்குக் கொடுங்கள். சாதனையாளர் பட்டியலில் ஸ்பெல்லிங் பீ, ஐவி லீக் பெயர்கள் மட்டும் வேண்டாம். மதிப்பெண் குறைந்ததற்காக அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளைகளும், கணவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் அடி வாங்கிக்கொண்டு வெளியே சொல்லாத பெண்களும் நம் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறார்கள். நல்ல சமூகம் என்ற பெயர் கெட்டுவிடும் என்றுதான் அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

தமிழ்ப் பள்ளிப் பாடத்தைப் பற்றிச் சொன்னேன். 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வகுப்புகளில் நடத்தும்படி, திண்ட் வழக்கு, 14ஆவது திருத்தம், 1965, சியாமளா கோபாலன், டர்பன் ஆகியவற்றை வைத்து எளிய தமிழில் எழுதித் தர நான் முன்வருகிறேன். எந்தச் சங்கமும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், தங்கள் ஊர் வரலாற்றைச் சேர்க்கலாம். வரும் கல்வியாண்டுக்குள் வேண்டுமென்றால் கோடை விடுமுறைக்கு முன் உங்கள் செயற்குழுவில் பேசி ஒரு வரி பதில் அனுப்புங்கள். ஆசிரியர்களில் யாராவது சேர்ந்து எழுத விரும்பினாலும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினர்களில் ஒருவர்